கூடு இல்லை என்று நான் சொன்ன மரம்

எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சீமைக் கருவேல மரத்தின் தீமைகளைப் பற்றி ஒரு பேச்சுப் போட்டியில் ஐந்து நிமிடம் பேசி முதல் பரிசு வாங்கினேன். பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் தட்டில்தான் அப்பத்தா இன்றும் சாப்பிடுகிறார். அந்தப் பேச்சில் இருந்த பெரும்பாலான வரிகள் எனக்கு மறந்துவிட்டன. ஒரே ஒரு வரி மட்டும் சொல் மாறாமல் நினைவிருக்கிறது. "இரக்கமற்ற இந்த மரத்தில் பறவைகள்கூடக் கூடு கட்டுவதில்லை" என்று கையை உயர்த்திச் சொன்னேன். அந்த இடத்தில்தான் எல்லோரும் கைதட்டினார்கள். கைபேசியில் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு செய்தியிலிருந்து அந்த வரியை எடுத்திருந்தேன். அதை எழுதியவர் யாரென்று நான் கேட்கவில்லை. உண்மைதானா என்று எங்கள் கொல்லைக்குப் போய்ப் பார்க்கவும் இல்லை. கொல்லையில் அப்போது நாற்பது ஐம்பது சீமைக் கருவேலங்கள் நின்றன.

இப்போது முதுகலைத் தாவரவியல் படிக்கிறேன். ஒன்றரை ஆண்டாகக் குறிப்பேடு ஒன்றை வைத்துக்கொண்டு ஊரின் பறவைகளையும் மரங்களையும் எழுதி வருகிறேன். அந்தக் குறிப்பேட்டின் ஏறக்குறைய ஒவ்வொரு பக்கமும் என்னுடைய அந்த ஒரு வரியை மறுத்துக்கொண்டிருப்பதால், அதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த ஆண்டின் மனநிலையையும் சொல்ல வேண்டும். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப்போனது. கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஊருணியின் நடுவில் பையன்கள் கிரிக்கெட் விளையாடினார்கள். எல்லாம் காய்ந்து கிடந்த நிலத்தில் பச்சையாக நின்றது கருவை ஒன்றுதான். எங்கள் பக்கம் சீமைக் கருவேலத்தை வெறுமனே கருவை என்போம். பழைய கருவேலத்துக்கு நாட்டுக்கருவை என்று பெயர். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் ஒரு மரம் மட்டும் பச்சையாக நின்றால், தண்ணீரைத் திருடியது அதுதான் என்று தோன்றுவதில் வியப்பில்லை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த மரங்களை வேரோடு அகற்ற உத்தரவிட்டதும், தென்மாவட்டங்கள் முழுவதும் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. பள்ளிப் பிள்ளைகளான நாங்களும் வரிசையாகப் போய்க் கன்றுகளைப் பிடுங்கினோம். உள்ளங்கையில் முள் ஏறி ரத்தம் கட்டியதைப் பெருமையாகக் காட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சில மாதங்களிலேயே சென்னை அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. இயந்திரங்கள் திரும்பிப் போயின. தூர் எடுக்காமல் மேலோடு வெட்டப்பட்ட கட்டைகளிலிருந்து, அடுத்த மழைக்கு, ஒன்றுக்கு ஏழெட்டாகக் கிளைகள் வெடித்தன. ஒரே தண்டாக நின்ற மரங்கள் புதர்களாயின.

தவிட்டுப்புறாவின் நாற்பத்தொரு குச்சிகள்

2024ஆம் ஆண்டு மே மாதம் இளங்கலைத் தேர்வு முடிந்து ஊருக்கு வந்திருந்தேன். சித்தப்பா கரிமூட்டம் போடுபவர். கருவையை வெட்டி, கட்டைகளை நெருக்கி அடுக்கி, இலைதழையாலும் மண்ணாலும் மூடி, உள்ளே தீ வைத்து, காற்றுத் துளைகளைத் திறந்தும் அடைத்தும் பல நாள் புகையவிட்டு எடுப்பதுதான் கரி. வேர்க்கட்டையிலிருந்து வரும் தூர்க்கரிக்குத்தான் விலை அதிகம். கமுதி, முதுகுளத்தூர் பக்கம் தொடங்கி எங்கள் ஊர் வரை, மழை ஏமாற்றிய ஆண்டுகளில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்தக் கரியால்தான். என் கல்லூரிக் கட்டணத்திலும் அதன் பங்கு உண்டு. அந்த மரத்தை இரக்கமற்றது என்று பேசிப் பரிசு வாங்கியபோது இதுவும் எனக்கு உறைக்கவில்லை.

அன்று முற்பகலில் சித்தப்பா கொல்லைக் கருவைகளை வெட்டிக்கொண்டிருந்தார். நான் கவட்டைக் கம்பால் முள்ளை இழுத்து ஓரமாகக் குவித்துக்கொண்டிருந்தேன். ஒரு கிளையை விலக்கியபோது சிறகு படபடக்கப் புறா ஒன்று வெளியே வந்தது. அது பறந்து மறைந்துவிடவில்லை. பத்தடி தள்ளியிருந்த மின்கம்பியில் அமர்ந்து, எங்களைப் பார்த்தபடி கழுத்தை அசைத்துக்கொண்டிருந்தது. இளஞ்சிவப்புச் சாயல் படிந்த தலை, கழுத்தின் முன்புறம் கறுப்புப் பொட்டுகள் சிதறிய பட்டை, தவிட்டு நிற முதுகு. சின்னத் தவிட்டுப்புறா. அது எழுந்து வந்த கிளையின் கவட்டில், என் நெஞ்சளவு உயரத்தில், கூடு என்று சொல்லவே தயங்கும்படி கொஞ்சம் குச்சிகள் கிடந்தன. அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் இடுக்குகளின் வழியே வெள்ளையாக இரண்டு முட்டைகள் தெரிந்தன. சித்தப்பா அரிவாளைத் தாழ்த்தினார். "முட்டை கெடக்கு. இதை விட்டுட்டு அந்தப் பக்கம் போவோம்" என்று சொல்லிவிட்டு, எதுவும் நடக்காததைப் போல அடுத்த மரத்துக்கு நகர்ந்தார்.

நான் நகரவில்லை. கருவையில் கூடு இருக்கிறதே என்று அவரிடம் கேட்டேன். "இதென்ன புதுசா? வருசா வருசம் இருக்கும். புறா, தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி எல்லாம் கட்டும். முள்ளுக்குள்ள பூனை வராதுல்ல" என்றார். இதை யாருமே எனக்குச் சொன்னதில்லையே என்று கேட்டேன். பின்வாசல் படியில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அப்பத்தா நிமிர்ந்து பார்த்தார். "நீ என்னைக்கு ஆத்தா கேட்ட?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வியிலிருந்து என்னால் எளிதில் வெளியே வர முடியவில்லை. பேச்சுப் போட்டிக்கு முந்தைய நாள் இரவு, இதே படியில் உட்கார்ந்து இதே அப்பத்தாவிடம் அந்த ஐந்து நிமிடப் பேச்சை மூன்று முறை ஒப்பித்துக் காட்டியிருந்தேன். விறகுக்காக அறுபது ஆண்டுகள் அந்த முள்ளுக்குள் குனிந்து நிமிர்ந்தவர் அவர். பேத்தி மேடையில் பேசப் போகிறாள் என்ற மகிழ்ச்சியில் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்ததை நான் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து காலையும் மாலையும் அந்தக் கருவையின் எதிரே, வைக்கோல்போர் மறைவில் உட்கார்ந்தேன். முட்டைகள் எப்போது இடப்பட்டன என்று தெரியாததால், நான் பார்த்த முதல் நாளை ஒன்று என்று குறித்துக்கொண்டேன். ஒன்பதாம் நாள் குஞ்சுகள் வந்தன; உடம்பு முழுவதும் மஞ்சள் நிறத்தில் மயிர்போன்ற தூவி, தலையைவிடப் பெரிதாகத் தெரிந்த அலகு. பெற்றவை இரண்டும் மாறி மாறி வந்து, குஞ்சின் அலகைத் தம் வாய்க்குள் வாங்கிக்கொண்டு தொண்டைப்பாலைப் புகட்டின. பன்னிரண்டாம் நாள் ஒரு குஞ்சைக் காணவில்லை. காகம் எடுத்திருக்க வேண்டும். மற்றொன்று தேறிப் பறந்துபோனது. கூடு காலியாகி ஒரு வாரம் கழிந்த பிறகு அதை ஒரு தாளில் இறக்கி வைத்துக் குச்சிகளை எண்ணினேன். நாற்பத்தொன்று. அவற்றில் முப்பத்தாறு கருவையின் மெல்லிய சுள்ளிகளும், இலை உதிர்ந்தபின் எஞ்சும் காம்புகளும். மூன்று வைக்கோல் தாள், ஒன்று எங்கள் வீட்டு விளக்குமாற்று ஈர்க்கு, இன்னொன்று என்னவென்று தெரியாத ஒரு கொடியின் துண்டு. அந்த மரத்தில், அந்த மரத்தையே கொண்டு கட்டிய கூடு அது.

கண்மாய்க்குள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பாதிக்கு மேல் நிறைந்தது. எங்கள் கண்மாய் சிறியது. பக்கத்தில் இருக்கும் இராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயைத்தான் 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று சொல்வார்கள். அதன் பரப்பை ஒரே மூச்சில் கடக்க நாரையாலும் ஆகாது என்பது அந்தச் சொலவடையின் பொருள். ஒரு நீர்ப்பரப்பின் அளவைச் சொல்ல எங்கள் பக்கத்து மக்கள் பறவையை அளவுகோலாக எடுத்துக்கொண்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

எங்கள் கண்மாயின் உள்வாயில் முன்பு நாட்டுக்கருவைகள் தோப்பாக நின்றன. சமூகக் காடுகள் திட்டத்தில் 1980களில் நடப்பட்டவை அவை. நாட்டுக்கருவையின் பூ மஞ்சள் பொடி தூவிய சிறு பந்து. நெத்து மணி கோத்தாற்போல இடையிடையே இடுங்கியிருக்கும். சீமைக்கருவையின் பூ விரல் நீளக் கதிர். நெத்து தட்டையாக, இனிப்பாக, ஆடுகள் தேடித் தின்னும்படி இருக்கும். இந்த வேறுபாடு எங்கள் ஊரில் ஆடு மேய்க்கும் சிறுவனுக்கும் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன்பு கருவையை அகற்றும் வேலையை எடுத்த ஓர் ஒப்பந்தக்காரர், முள் இருப்பதெல்லாம் ஒன்றுதான் என்பதைப் போல இரண்டையும் சேர்த்தே சாய்த்துவிட்டார். ஊர்க்காரர்கள் சிலர் போய்ச் சத்தம் போட்டதில் நடுவில் ஒரே ஒரு நாட்டுக்கருவை தப்பியது. அதைச் சுற்றி இப்போது, வெட்டிய தூர்களிலிருந்து மீண்டும் துளிர்த்த சீமைக்கருவைகள் ஒரு திட்டாக நிற்கின்றன.

மார்கழியில் அந்தத் திட்டு தண்ணீருக்குள் இடுப்பளவு நின்றது. கல்லூரியில் எங்கள் தாவரவியல் துறையில் இரவல் வாங்கிய இருநோக்கியோடு கரையில் உட்கார்ந்து பார்த்தபோது, வக்காக்கள் எனப்படும் இராக்கொக்குகளும் சின்னக் கொக்குகளும் குச்சி சுமந்து போவது தெரிந்தது. தை பிறந்தபோது கூடுகளை எண்ணினேன். சீமைக்கருவைத் திட்டு முழுவதிலுமாகப் பதினான்கு; தனியாக நின்ற அந்த ஒரே நாட்டுக்கருவையில் பதினொன்று. பொங்கல் விடுமுறையில் நான்கு நாள் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்குப் பதினைந்து நிமிடப் பட்டியல்களாக எழுதி அனுப்பினேன். ஆனால் இந்தப் பதினான்கும் பதினொன்றும்தான் என்னைப் பல நாள் யோசிக்க வைத்தன.

எட்டாம் வகுப்பில் நான் சொன்னது பொய் என்பதற்கு அந்தப் பதினான்கு கூடுகள் சாட்சி. சீமைக்கருவையும் நாட்டுக்கருவையும் பறவைக்கு ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இந்தப் பதினொன்று சாட்சி. கொக்கும் வக்காவும் தேடுவது தண்ணீருக்குள் நிற்கும் மரத்தை; கீரியும் பூனையும் நீந்தி வந்து ஏறாத இடத்தை. அது எந்த மரமாக இருந்தாலும் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் நாட்டுக்கருவையின் கிளைகள் கையை நீட்டியதைப் போல அகன்று, கூட்டைத் தாங்கும் உறுதியோடு இருக்கின்றன. வெட்டி வெட்டித் துளிர்த்த சீமைக்கருவையின் கிளைகளோ ஒல்லியாக வளைந்து, பறவை வந்து அமரும்போதே தாழ்கின்றன. தை மாதத்தில் ஒரு நாள் முழுக்கக் காற்று வீசியது. மறுநாள் காலையில் திட்டில் இரண்டு கூடுகள் சரிந்து தொங்கின. வெளிர்நீல முட்டை ஒன்று கரை ஓரத்தில் ஒதுங்கியிருந்தது. நாட்டுக்கருவையில் பதினொன்றும் அப்படியே இருந்தன. இந்தப் பறவைகள் சீமைக்கருவையை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. விருப்பமான மரத்தில் இடமில்லாததால் அங்கே ஒண்டியிருக்கின்றன.

மாலையில் அந்தத் திட்டைப் பார்ப்பது எனக்குப் பிடித்தமானது. பொழுது சாயும்போது கொக்குகள் வயல்களிலிருந்து திரும்பி வந்து இறங்கும். அதே நேரத்தில் வக்காக்கள் 'குவாக்' என்று ஒற்றைக் குரல் கொடுத்துக்கொண்டு இரைக்குக் கிளம்பும். ஒரு கால் மணி நேரம் வருவோரும் போவோருமாகச் சந்தைக் கடைபோல இருக்கும். பிறகு இருட்டிவிடும். வேடந்தாங்கலையும் கூந்தன்குளத்தையும் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்திலேயே 1989இல் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்ட சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. பெயர்ப் பலகை இல்லாத எங்கள் கண்மாய் போன்ற இடங்களிலும் அதே வக்காவும் அதே கொக்கும்தான் குஞ்சு பொரிக்கின்றன. இவற்றை யாரும் காவல் காப்பதில்லை. இயந்திரம் எந்த மாதத்தில் இறங்க வேண்டும் என்று யாரும் கேட்பதும் இல்லை.

ஒரு பொய் செய்த வேலை

சீமைக்கருவைக்குப் பரிந்து பேச இதை எழுதவில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, விறகுக்காகப் பரப்பப்பட்டு, எங்கள் புஞ்சைகளையும் வரத்துக்கால்களையும் அடைத்துக்கொண்ட மரம் அது. நெருங்கி வளர்ந்த புதருக்குள் தவழ்ந்து போய்ப் பார்த்திருக்கிறேன். அருகு இல்லை, கோரை இல்லை, தும்பை இல்லை. உதிர்ந்த சிற்றிலைகள் மெத்தைபோல் மூடிய வெறும் தரை. அப்படிப்பட்ட புதரின் எதிரே ஒரு மணி நேரமும், ஐயனார் கோயில் வேம்பின் எதிரே ஒரு மணி நேரமுமாகப் பல காலைகள் உட்கார்ந்து எழுதியதில் ஒன்று தெளிவாயிற்று. கருவைக்குப் பறவைகள் உட்காரவும் ஒளியவும் அடையவும் வருகின்றன. இரைக்குப் பெரும்பாலும் வேறு இடம் போகின்றன. செம்போத்து கருவையிலிருந்து இறங்கி வரப்புக்குப் போகிறது. கௌதாரி அதன் ஓரத்திலிருந்து புறப்பட்டுத் தரிசில் மேய்கிறது. பூக்கும் காலத்தில் மட்டும் தேன்சிட்டும் தேனீயும் கருவையையே நாடி வருகின்றன. வேம்பிலோ பழத்துக்குக் குயிலும் மைனாவும் காகமும், பட்டைப் பிளவுகளில் பூச்சிக்கு மரங்கொத்தியும் என்று அங்கேயே பந்தி நடக்கிறது.

ஆகவே அந்த மரத்தின் மீது சொல்லப்பட வேண்டிய உண்மையான குற்றங்களே ஏராளமாக இருந்தன. அப்படியிருக்க, அது பிராணவாயு வெளியிடாது என்றும், அதில் பறவை கூடு கட்டாது என்றும் எதற்காகச் சேர்த்துச் சொன்னோம்? பச்சை இலை உள்ள எந்த மரமும் பிராணவாயுவை வெளியிடும் என்பது அதே எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இருந்தது. கைதட்டல் கிடைத்த வரி, பார்த்துச் சரிபார்க்கும் வேலையை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. அதற்கு விளைவும் இருந்தது. கூடே இல்லை என்று நம்பியதால், அரிவாளுக்கும் இயந்திரத்துக்கும் முன்னால் ஒருவரும் கிளையை விலக்கிப் பார்க்கவில்லை. 2017இல் கண்மாய் வற்றிக் கிடந்ததால் கொக்குக் கூடுகள் இருந்திருக்காது. ஆனால் புறாவும் தவிட்டுக்குருவியும் கதிர்க்குருவியும் இருந்திருக்கும். நாங்கள் பிடுங்கியும் வெட்டியும் குவித்து எரித்த முள் குவியல்களில் எத்தனை கூடுகள் இருந்தன என்பதை இனி எண்ண வழியில்லை. என்னை உறுத்துவது அதுதான்.

2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவல் தாவரங்களுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. மரத்தை அகற்றுவதோடு, அந்த நிலத்துக்குரிய சூழலை மீட்பதையும் அது சேர்த்தே பேசுகிறது. எங்கள் கண்மாயில் எனக்குத் தெரிந்த வழியும் அதுதான்: நாட்டுக்கருவை முதலில் எழ வேண்டும், மருதும் கரையில் வேர் பிடிக்க வேண்டும், பிறகு சீமைக்கருவையைத் திட்டுத் திட்டாகத் தூரோடு எடுக்க வேண்டும். எடுப்பது பங்குனிக்குப் பிறகு, குஞ்சுகள் பறந்த பிறகாக இருக்க வேண்டும். சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. தூரோடு எடுத்தால் தூர்க்கரி கிடைக்கும். காய்ந்த மாதத்தில் எடுத்தால் கட்டை சீக்கிரம் உலரும் என்றார். பறவைக்கு ஏற்ற மாதமும் கரிக்கு ஏற்ற மாதமும் ஒன்றாகவே இருப்பதை நான் அதுவரை யோசித்துப் பார்த்ததில்லை.

அடியில் முளைத்தவை

கண்மாய்க் கரையின் மேல் பழைய சீமைக்கருவை ஒன்று நிற்கிறது. யாரோ விட்டுவைத்ததில் ஒரே தண்டாக உயர்ந்து, குடைபோல விரிந்து, அடியில் வெயில் புகும் அளவுக்கு வளர்ந்த மரம். போன ஆவணியில் மழை பெய்த மறுவாரம் அதன் கீழே உட்கார்ந்து மேலே கரிச்சானைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கால் அருகே சிறு கன்றுகள் தெரிந்தன. வேம்பு. ரம்பப் பல் போன்ற இலைவிளிம்போடு, விரல் உயரத்தில், நிழலின் ஓரத்தில் பதினேழு கன்றுகள். அவற்றோடு ஒரு மஞ்சணத்தி, இரண்டு கோவைக்கொடி, ஒரு முட்சங்கு. புதருக்குள் ஒன்றும் முளைக்காது என்று நான் எழுதிவைத்த குறிப்பு, இந்த மரத்தின் கீழ் பொருந்தவில்லை. மண்ணைக் கிளறிப் பார்த்தபோது வெள்ளை எச்சத்தோடு ஒட்டிய வேப்பங்கொட்டைகள் அகப்பட்டன. கோயில் வேம்பில் பழம் தின்ற மைனாவும் காகமும் குயிலும் இங்கே வந்து அமர்ந்து கொட்டையைப் போட்டிருக்கின்றன.

அந்தப் பதினேழில் பத்து பிழைத்தன. மற்றவற்றை ஆடுகள் கடித்துவிட்டன. எஞ்சியவற்றைச் சுற்றிச் சித்தப்பா வெட்டிப்போட்ட கருவை முள்ளையே வளைத்து வேலி வைத்தேன். இப்போது அவை முழங்கால் உயரம் இருக்கின்றன. அந்தப் பெரிய மரத்தை எப்போது எடுக்கலாம் என்று சென்ற வாரம் சித்தப்பா கேட்டார். தூரிலிருந்தே இரண்டு மூட்டைக் கரி தேறும் என்பது அவர் கணக்கு. வேம்புகள் இடுப்பளவு வரட்டும், அதற்கு இன்னும் ஒரு மழைக்காலம் வேண்டும் என்றேன். சரி என்றார். நேற்று அந்த வழியாக வந்தபோது, அதன் தாழ்ந்த கிளையில் புதிதாகக் கொஞ்சம் குச்சிகள் சேர்ந்திருந்தன. முட்டை இருக்கிறதா என்று பார்க்கக் கிளையை விலக்காமல், கரையின் மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து அப்பத்தாவிடம் சொன்னேன்.